மலைக்கிராமத்தில் அமெரிக்கர்களுக்கு ஒரு பாட்டு

சுவிஸ் எல்லையில் என்னை மட்டும்தான் எழுப்பினார்கள். ரயில் பெட்டியிலிருந்த மற்றவர்கள் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் துணி சுற்றிய பொட்டலமொன்றைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிவிட்டிருந்தேன். இரண்டு காவலர்களில் இளையவர் பொட்டலத்தை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே உடுக்கு.

"இது என்ன?"

"மேளம்."

"உள்ளே என்ன இருக்கிறது?"

"காற்று."

அவர் நம்பவில்லை. அடித்துக் காட்டச் சொன்னார். இடது கையால் கயிற்றை அமுக்கிக்கொண்டு நாலு தட்டுத் தட்டினேன். எதிர் இருக்கையில் ஒரு குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. மூத்த காவலர் என் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்து, போதும் என்று கையைக் காட்டினார். பல எல்லைகளில் நின்றிருக்கிறேன். சிலவற்றில் அடி விழுந்திருக்கிறது, ஒன்றில் காலில் கிடந்த சப்பாத்தைப் பறித்துக்கொண்டார்கள். கச்சேரி செய்து கடந்தது இதுதான் முதல்தடவை.

பாரிஸிலிருந்து உடுக்கைக் கொண்டுவரச் சொன்னவர் தேவன் அண்ணை. எங்கள் ஊர்க்காரர். சுவிஸில், கூர் என்ற நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நெடுங்காலமாக வேலை செய்கிறார். மற்ற நேரத்தில் பாட்டுக் கட்டுவார். கோயில் திருவிழா, பிறந்தநாள், நினைவுநாள், எதற்கும் அவரிடம் ஒரு மெட்டு இருக்கும்.

"டேய், உன்ர உடுக்கு இன்னும் கிடக்கோ?" என்று போனில் கேட்டார். "இஞ்ச கீபோர்ட்டில உடுக்குச் சத்தம் வருது. ஆனா தகரத்தில கல்லெறிஞ்ச மாதிரிக் கிடக்கு."

"ஆருக்கு அண்ணை பாட்டு?"

"செத்துப்போன அமெரிக்கன் ஆமிக்காரருக்கு."

லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். வெட்டுப்படவில்லை. அவர் நான் சொல்லப்போகும் பதிலுக்குக் காத்திருந்தார். அப்போது எனக்கு வேலையும் இல்லை. வாறன் என்றேன்.

சூரிச்சில் இறங்கி ஓர்லிகோனுக்குப் போனேன். தேவன் அண்ணையின் மனைவி வசந்தி அக்கா, அங்கே தமிழ்க்கடையில் வெள்ளைச் செவ்வந்தி, சந்தனம், திரி, நல்லெண்ணெய் எல்லாம் வாங்கிவரச் சொல்லியிருந்தா. கடைக்காரருக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்திருந்தது.

"ஓ, தேவன் வீட்டுக்கோ? அமெரிக்கனுக்குப் பாட்டுக் கட்டுற மனிசன்!" என்று சிரித்தார். "அமெரிக்கன் பாட்டுக்கு ஆளில்லாமலோ கிடக்கிறான்? அவனே சண்டை பிடிப்பான், அவனே செத்த ஆக்களை வைச்சுப் படமும் எடுப்பான்."

மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண் தலை நிமிராமல் சொன்னா: "சண்டையில செத்த எங்கட பிள்ளையளுக்கே ஒரு கல்லு மிஞ்சேல்லை. எல்லாத்தையும் ஆமி இடிச்சுப்போட்டுது."

நான் ஒரு ஆட்டிறைச்சி ரோல் வாங்கித் தின்றேன். மிளகு கூட, இறைச்சி குறைவு. புறப்படும்போது கடைக்காரர் கற்பூரப் பெட்டி ஒன்றை எடுத்துப் பையில் போட்டார்.

"இது நான் சொல்லேல்லையே" என்றேன்.

"நான் தாறன். அமெரிக்கனுக்கில்லை. செத்தவங்களுக்கு."

அமெரிக்கப் படையாளை நான் முதலில் பார்த்தது ஈராக்கில், அவர்களுடைய முகாம் சாப்பாட்டுக்கூடத்தில். நான் தட்டுக் கழுவும் பக்கம். அவர்கள் தட்டை நீட்டும் பக்கம். பெரும்பாலும் இருபது வயதுப் பெடியன்கள். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு உறைப்புச் சாற்றை ஊற்றித் தின்றார்கள். சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் மறுவாரம் வரமாட்டார்கள். விடுமுறையா, மாற்றலா, வேறு ஏதாவதா என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்பதில்லை. அவர்கள்மேல் எனக்குப் பாசமுமில்லை, கோபமுமில்லை. தட்டு மட்டும் குறையும்.

கூரில் வசந்தி அக்கா குழல் புட்டும், குளிர்ப்பெட்டியில் கிடந்த மீனில் குழம்பும் வைத்திருந்தா. மீனுக்குக் கடல் மறந்துபோயிருந்தது, ஆனால் புளி அதைச் சமாளித்தது. அங்கேதான் அவர்களுடைய மகள் பவானியைப் பார்த்தேன். கூர் மருத்துவமனையில் தாதி. விடுமுறை நாட்களில் கமெராவைத் தூக்கிக்கொண்டு அலைவாள். ஜெர்மனைத் தாய்மொழிபோலவும், எங்கள் தமிழை எங்களைப்போலவும் கதைத்தாள். கதையை ஒழுங்காகச் சொன்னவளும் அவள்தான்.

உலகப்போரின் கடைசிக் காலத்தில் ஒரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஜெர்மனியில் அடிபட்டு, புகைந்துகொண்டு சுவிஸுக்குள் வந்திருக்கிறது. கூருக்கு மேலே உள்ள ஒரு கிராமத்தின் தலைக்கு மேல் அது தாழ்ந்தது. உள்ளே பத்துப் பேர். ஏழு பேர் பரசூட்டில் குதித்துத் தப்பினார்கள். மூன்று பேர் விமானத்தோடு இருந்தார்கள், அதை ஊருக்கு அப்பால் சரிவுக்குக் கொண்டுபோய் மோதினார்கள். கிராமத்தில் ஒரு கூரைகூட எரியவில்லை. ஊர்ச்சனம் அந்த இடத்தில் ஒரு கல் நட்டு மூன்று பெயர்களையும் வெட்டி வைத்திருக்கிறது. இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி நினைவுகூரும். இந்த வருடம் அங்கே காட்டுவதற்குப் பவானி ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் அப்பாவின் பாட்டு.

"இந்த ஊர்ச்சனம் இதை ஏன் உங்களிட்டத் தந்தது?" என்று கேட்டேன்.

"தரேல்லை. நான் ஒரு வருசமாக் கேட்டுக்கொண்டு திரிஞ்சனான்" என்றாள்.

தேவன் அண்ணை குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் தாளம் போட்டபடி இருந்தார். அவருக்கு வேறு பிரச்சினை.

"வால்டர், ரே, டொமினிக். இந்த மூண்டு பேரையும் கூப்பிட்டுத்தான் பாட்டு முடியுது. டொமினிக் தாளத்தில வந்து குந்துறான். ரே சின்னப் பேர், இழுத்துப் பாடலாம். இந்த வால்டர்தான் நிக்கிறானில்லை."

"வால்டரா எண்டு பாடுங்கோவன்."

"விசரே உனக்கு? செத்த பெடியனை 'டா' போட்டே கூப்பிடுறது?"

"ஏன், கூத்தில கூப்பிடுறேல்லையோ?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் பாடினார்.

*பேர் தெரியா மலைமடியில் போய்ப் படுத்த பிள்ளைகளே*
*வீடுவரும் வழிமறந்தோ வெள்ளிமுகில் போர்த்திருந்தீர்*
*வால்டரே வா, ராசா வா...*

வால்டர் நின்றான். நான் உடுக்கை எடுத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, படத்தின் கடைசிக் காட்சியை எடுக்கக் கிராமத்துக்குப் போனோம். காரில் கமெராவும் விளக்குகளும் அவர்கள் மூன்று பேரும் நிறைந்துவிட்டார்கள். என்னை மலை ரயிலில் ஏற்றிவிட்டு, ஊர்ப்பெயரை ஒரு தாளில் எழுதிக் கையில் தந்தாள் பவானி.

சிவப்பு ரயில். ஆற்றோரமாக வளைந்து வளைந்து போனது. ஒலிபெருக்கியில் நான் இறங்கவேண்டிய ஊரின் பெயர் கேட்டது, எழுந்து கதவடியில் நின்றேன். ரயில் வேகம் குறைக்காமல் நிலையத்தைத் தாண்டியது. மேடையில் ஒரு பூனை மட்டும் என்னைப் பார்த்தது.

பக்கத்திலிருந்த கிழவர் கதவருகே இருந்த ஒரு பொத்தானைக் காட்டினார். அதை அழுத்தினால்தான் இங்கே சின்ன நிலையங்களில் நிற்பார்களாம். ஊரில் என்றால் பஸ்ஸின் தகரத்தில் ரெண்டு தட்டுத் தட்டி "இறக்கம்!" என்று கத்தினால் போதும். இங்கே அறுபது பேர் மூச்சுவிடாமல் இருக்கிற பெட்டியில் கத்த எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த நிலையத்துக்குப் பொத்தானை அழுத்தினேன். பயத்தில் மூன்று முறை அழுத்தினேன். இறங்கி, தண்டவாளத்துக்குப் பக்கத்துப் பாதையால் உடுக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். வழியில் எதிர்ப்பட்ட எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். சூரிச்சில் ஒருவரும் சொல்லவில்லை. உயரம் போகப்போக வணக்கம் கூடும்போலிருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊர்ச்சங்கத் தலைவர் ரெத்தோ சூப் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஓய்வுபெற்ற தச்சர், கை இரண்டும் பலகைபோல. சூப்பில் வாற்கோதுமை, கரட், புகையில் காய்ந்த இறைச்சி. ஊரில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழைப்போலத் தடிப்பு, உறைப்பு மட்டும் இல்லை. வசந்தி அக்கா கைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய மிளகாய்த்தூள் சரையை எடுத்துத் தன்னுடைய கிண்ணத்தில் தூவிக்கொண்டா. ரெத்தோவும் தன் கிண்ணத்தை நீட்டினார். ஒரு கரண்டி குடித்துவிட்டு, கண் கலங்க, நன்றாக இருக்கிறது என்றார். சுவிஸ்காரரின் மரியாதை அப்படி.

சூப் குடித்த கட்டடத்துக்குக் கீழேதான் நிலவறை. போர் வந்தால் ஒளிவதற்காகக் கட்டியது. தேவன் அண்ணை அகதியாக வந்த புதிதில் அவரையும் இன்னும் முப்பது பேரையும் அதற்குள்தான் வைத்திருந்தார்களாம். ஜன்னல் இல்லை. இப்போது ஊர் வாத்தியக்குழுவின் கதிரைகள் அடுக்கிக் கிடந்தன.

"பகலில வெளியில விடுவினம்" என்றார் தேவன் அண்ணை. "வேற போக இடமில்லை. நடந்து நடந்து அந்தக் கல்லடிக்குத்தான் போவன். ஒவ்வொரு முறையும் புதுப்பூ இருக்கும். ஆர் வைக்கிறதெண்டு தெரியாது. வேற நாட்டுப் பெடியங்களுக்கு இந்தச் சனம் பூ வைக்குதே எண்டு பாத்துக்கொண்டு நிப்பன். அதுக்குத்தான் பாட்டு. அமெரிக்காவுக்கில்லை."

கடைக்காரரின் கற்பூரத்தை அப்போதுதான் அவரிடம் கொடுத்தேன். வாங்கி மணந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஊர் அலுவலகத்துச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. விமானத்துக்கு முன்னால் பத்துப் பேரும். நாலு பேர் முழந்தாளில், ஆறு பேர் நின்றபடி. எல்லோரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார்கள். ரெத்தோ அதைக் கழற்றித் தந்தார். கல்லில் சாய்த்து வைத்தோம். வசந்தி அக்கா கட்டிய செவ்வந்தி மாலையைச் சட்டத்தின் மேலிருந்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டா. கண்ணாடியில் ஒவ்வொரு நெற்றியிலும் சந்தனம் தொட்டு வைத்தா. குத்துவிளக்கு எரிந்தது. நல்ல வெயில். பவானியின் கமெரா இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் போய், கடைசியில் படம் முழுவதையும் பிடித்துக்கொண்டு நின்றது. தேவன் அண்ணை பாட, நான் உடுக்கடிக்க, ஒலியையும் அங்கேயே எடுத்தாள். குளிரில் உடுக்கின் தோல் தளரத் தளரச் சூப் பானையடிக்கு ஓடிப்போய்ச் சூடு காட்டிக்கொண்டு வந்தேன்.

ரெத்தோ கைகட்டி நின்று முழுவதையும் பார்த்தார். முடிந்ததும், பூக்கள் மிக அழகு என்றார்.

சனிக்கிழமை விடிய மலை முழுக்கப் பனி. எடுத்த இடம் வெள்ளையாகிவிட்டது. நல்லகாலம் நேற்றே முடித்தோம் என்று பவானி சொன்னாள்.

அன்று மத்தியானம் அமெரிக்காவிலிருந்து கரோல் வந்தா. விமானத்தில் இருந்த ஒருவருடைய மகள். எழுபது வயதிருக்கும், உயரம், ஆண்களுடைய சப்பாத்து, பெரிய சிரிப்பு. ரெத்தோதான் அழைத்திருந்தார். பவானி வீட்டில் கணினியைத் திறந்து, வெட்டி ஒட்டிய படத்தைக் காட்டினாள். கரோல் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தா. கடைசிக் காட்சியைத் தன் கைப்பேசியில் ஒரு படம் பிடித்து யாருக்கோ அனுப்பினா. பிறகு மேசைக்கு வந்து வசந்தி அக்காவின் இடியப்பத்தைக் கையால் சாப்பிட முயன்றா. பாதி மடியில் விழுந்தது.

"அப்பாவுக்கு இது பிடிக்கும்" என்றா. பவானிதான் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"இடியப்பமோ?" என்றா வசந்தி அக்கா.

"இல்லை, படம். நாளைக்கு அவரும் பார்ப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் தாதி போனைப் பிடித்துக்கொள்வா. அங்கே காலையாக இருக்கும். காலையில் அவர் தெளிவாக இருப்பார்."

பவானி பாதியில் நிறுத்தினாள். பிறகு மிச்சத்தையும் சொன்னாள். அப்பாவின் பெயர் எல்மர். நிற்கிற வரிசையில் வலது ஓரத்தில் கடைசி ஆள். அயோவாவில் இருக்கிறார். நூறு வயது.

சொதிக் கரண்டி வசந்தி அக்காவின் கையில் அப்படியே நின்றது.

"உயிரோட இருக்கிறாரோ?" என்றார் தேவன் அண்ணை.

"ஓம் அப்பா."

"நாங்கள் மாலை போட்ட படத்தில?"

"ஓம்."

அவர் தட்டில் கையைக் கழுவிவிட்டுக் குசினிக்குள் போனார். கரோல் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டா. இல்லை, சந்தோசத்தில் போகிறார் என்று பவானி பொய் சொன்னாள்.

கரோலை விடுதியில் விட்டுவிட்டு வந்தபிறகுதான் வீட்டில் சண்டை தொடங்கியது. முதலில் பவானி ரெத்தோவுக்குப் போன் எடுத்தாள். அவருக்குத் தெரியுமாம். "ஆமாம், எல்மர் இருக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அட்டை போடுவார். ஏன்? பூவில் என்ன பிரச்சினை?" என்று கேட்டாராம். அவருக்குப் பூ என்றால் பூ. நாங்கள் அவரிடம் கேட்கவுமில்லை. எண்பது வருடம் கழித்து அந்தப் படத்தில் ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இது போடேலாது" என்றார் தேவன் அண்ணை.

"அப்பா, அது ஒண்டுதான் கடைசிக் காட்சி. அங்க பனி கொட்டிக் கிடக்கு. நாளைக்கு விழா. மனிசி அமெரிக்காவில இருந்து வந்திருக்கிறா."

"அதுக்கு? உயிரோட இருக்கிற மனிசனுக்குப் படத்தில மாலை போட்டு, அதை அவருக்கே காட்டுறதோ?"

"அவைக்கு அது தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"ஒரு வருசம் அலைஞ்சிருக்கிறன் அப்பா. இது உங்கட நம்பிக்கை. மாலை போட்டால் ஆருக்கும் ஒண்டும் நடக்காது."

தேவன் அண்ணை சத்தம் போடவில்லை. கதிரையை இழுத்து இருந்தார்.

"எனக்கும் போட்டவை" என்றார்.

அதை எனக்கும் சொன்னதில்லை, மகளுக்கும் சொன்னதில்லை. அவர் நாட்டைவிட்டு வெளிக்கிட்டு வரும் வழியில், கூட வந்த கூட்டம் ஒன்று படகோடு ஆற்றில் அள்ளுண்டு போய்விட்டது. இவர் அதில் ஏறவில்லை. ஆனால் செத்தவர்களோடு இவருடைய பெயரும் ஊருக்குப் போய்விட்டது. கடிதம் போட்டார். சண்டையில் வீட்டார் இடம்பெயர்ந்திருந்ததால் கடிதம் போய்ச் சேரவில்லை.

"நான் இஞ்ச நிலவறையில இருந்து சூப் குடிக்கிறன். அங்க எனக்கு எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாம் முடிஞ்சுது. ஒரு வருசம் நான் செத்த ஆள். கொழும்பில ஒரு கடைக்குப் போன் எடுத்து, ஊரில இருந்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னன். அவா வரமாட்டன் எண்டிட்டா. ஆரோ பகிடி பண்ணுறாங்களாம்."

"பிறகு?" என்றாள் பவானி.

"பிறகு நம்பிட்டா. மாலையைக் கழட்டி, கண்ணாடியை உடைச்சு, படத்தைக் கிணத்துக்குள்ள போட்டவா. அதுக்குப் பிறகு அவா நித்திரை கொள்ளேல்லை பிள்ளை. என்ர கையால பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டன் எண்டு புலம்புறதாம். எனக்கு ஒண்டும் நடக்கேல்லைதான். அவாவுக்கு நடந்தது."

வசந்தி அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டேயிருந்தா. துடைத்த இடத்தையே துடைத்தா.

பவானி கணினியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கடைசிக் காட்சியைப் பெரிதாக்கி வெட்டியிருந்தாள். இறந்த மூன்று பேரின் முகங்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்தன. ஓரம் இல்லை, எல்மர் இல்லை, மற்ற ஆறு பேரும் இல்லை. முகங்கள் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

"இது காணுமோ?" என்று கேட்டாள். முகம் கடுகடு என்றிருந்தது.

"காணும்" என்றார் தேவன் அண்ணை. அது போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபம் நிறைந்திருந்தது. மேசைகளில் கொட்டைப் பணியாரமும் கோப்பியும். வாத்தியக்குழு இரண்டு நாட்டுக் கீதங்களையும் வாசித்தது. அமெரிக்கக் கீதத்தில் ஊதுகுழல்காரருக்கு மூச்சு முட்டியது. ரெத்தோ மூன்று பெயர்களையும் வாசித்தார், சனம் எழுந்து நின்றது. பேச்சு நீளவில்லை. எங்கள் கூட்டங்களில் பேச்சாளரைச் சட்டையில் பிடித்து இழுத்து இருத்த வேண்டும். இங்கே வாயைத் திறக்கவே யோசிக்கிறார்கள்.

கரோல் முன்வரிசையில் இருந்தா. பக்கத்து மேசையில் ஒரு கம்பித் தாங்கியில் கைப்பேசி. அதற்குள் தலையணையில் ஒரு முகம், பெரிய காதுகள், நீல நிறச் சட்டை. எல்மர். தாதி ஒருத்தியின் கை மட்டும் அவ்வப்போது தெரிந்தது.

படம் ஓடியது. மலை, கல், ஊர்க்காரர் இருவரின் பேச்சு, பிறகு தேவன் அண்ணையின் குரல். வால்டரே வா, ராசா வா. ஒரு சொல்லும் விளங்காத சனம் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது. மூன்று முகங்களும் வந்து போயின. கைதட்டினார்கள்.

வசந்தி அக்கா எழுந்து போய், மிச்சப் பூவில் கட்டிய ஒரு மாலையைக் கரோலின் கழுத்தில் போட்டா. விருந்தாளிக்கு மரியாதை. கரோலுக்குக் கண் நிறைந்துவிட்டது. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, "இது உங்களுக்கு, அப்பா" என்று சொல்லி, கைப்பேசியின் மேல் போட்டா. மாலை எல்மரின் முகத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் தொங்கியது.

"ஐயோ!" என்றா வசந்தி அக்கா.

தேவன் அண்ணை பாய்ந்துபோய் மாலையைப் பிடுங்கினார். தாங்கி சரிந்தது, கைப்பேசி பணியாரத் தட்டுக்குள் முகங்குப்புற விழுந்தது. மண்டபம் திகைத்துப்போய் நின்றது. தட்டுக்குள்ளிருந்து எல்மரின் குரல் வந்தது. என்ன நடக்கிறது, ஏன் இருட்டாகிவிட்டது?

பவானி கைப்பேசியை எடுத்துச் சீனியைத் துடைத்தாள். அவளுக்கு வேறு வழியில்லை. ஆங்கிலத்தில் ஒருமுறை, ஜெர்மனில் ஒருமுறை, எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் ஆட்கள் உயிரோடிருப்பவருக்குக் கழுத்தில் மாலை போடுவார்கள், இறந்தவருக்குப் படத்தில் போடுவார்கள் என்றாள். தெரியாமல் உங்களுக்கும் போட்டுவிட்டோம், அதனால்தான் வெட்டினோம், அப்பா மன்னிப்புக் கேட்கிறார் என்றாள். ரெத்தோ தலையில் கைவைத்தார்.

எல்மர் தலையணையில் தலையைத் திருப்பினார். பிறகு சொன்னார்:

"எனக்கு நூறு வயது என்று அவரிடம் சொல்லு. அவர் அப்படியொன்றும் அவசரப்பட்டுவிடவில்லை."

மண்டபம் சிரித்தது. தேவன் அண்ணை சிரிக்கவில்லை. மாலை அவர் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

"கரோல் நேற்று ஒரு படம் அனுப்பினாள்" என்றார் எல்மர். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். பவானி வாங்கி வாங்கித் தமிழில் சொன்னாள். "அதில் நாங்கள் பத்துப் பேரும் இருந்தோம். இன்றைக்கு மூன்று பேர்தான். மற்ற ஆறு பேரும் வீட்டுக்கு வந்து செத்தார்கள். ஆறு பேருடைய சவப்பெட்டிக்கும் நான் தோள் கொடுத்தேன். அவர்களுக்கு ஒருவரும் பாட்டுப் பாடவில்லை. நான் ஒருவன் மிச்சமிருக்கிறேன் என்பதற்காக அவர்களையும் வெட்டிவிட்டீர்களே."

பவானி அப்பாவைப் பார்த்தாள். கணினியில் பழைய கடைசிக் காட்சி அப்படியே இருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் அதை அழிக்கவில்லை. ஆனால் அவள் கணினியில் கை வைக்கவில்லை. அவர் சொல்லட்டும் என்று நின்றாள்.

"முழுசாப் போடு பிள்ளை" என்றார் தேவன் அண்ணை.

"அப்பா, மாலை..."

"போடு. அந்த மனிசனுக்கு மேல மாலை விழ நான் விடமாட்டன்."

மாலையை வசந்தி அக்காவிடம் கொடுத்துவிட்டு அவர் மேடையில் ஏறினார். விளக்கை அணைத்தார்கள். படத்திலிருந்து உடுக்கு ஒலித்தது. திரையில் முழந்தாளிட்ட நாலு பேர், பிறகு நிற்பவர்கள், இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாக வந்தார்கள். கடைசியில் படம் முழுவதும் திரையை நிறைத்து நின்றது. தேவன் அண்ணை வலது ஓரத்துக்குப் போய், எல்மர் இருந்த இடத்துக்கு முன்னால் எங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டார். ஒளி அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. எல்மரின் மேலங்கியும் இடுப்புப் பட்டியும் அவர் உடம்பில் கிடந்தன. சட்டத்தின் வலப்பக்கம் தொங்கிய செவ்வந்தி, அவருடைய தோளிலிருந்து நெஞ்சுவரை இறங்கியது. ஒளி கூசியதால் அவரும் கண்ணைச் சுருக்கியிருந்தார்.

படத்தில் அவருடைய குரல் டொமினிக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அது யார்?" என்றது கைப்பேசி. "என் இடத்தில் ஒருவர் நிற்கிறாரே."

"என் அப்பா" என்றாள் பவானி.

எல்மர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லது" என்றார். "உயரம் சரியாக இருக்கிறது."

பாட்டு இன்னும் முடியவில்லை. தேவன் அண்ணை அப்படியே நின்றார்.